பக்ஸில்லா, ஜிரா, மேன்டிஸ்: எங்கள் மேல்மாடியில் எது தங்கியது

எங்கள் அலுவலகம் மலேசியாவில், சுங்கை சிப்புட் கடைத்தெருவில், ஒரு மளிகைக் கடைக்கு மேல்மாடி. செம்பனை (பாமாயில்) ஆலைகளின் எடைப்பாலத்துக்கு மென்பொருள் எழுதுகிறோம். குலை ஏற்றிய லோரிக்கு ஓர் எடை, கொட்டிவிட்டு வெறுமனே திரும்பும்போது ஓர் எடை, கழித்து வருவதற்கு ஒரு சீட்டு. அந்தச் சீட்டில் பத்து கிலோ பிசகினால் ஆலைக் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா, விடமாட்டார். லோரிக்காரர் அவருக்கும் மேல்.

முதலில் எல்லாப் பிழையும் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்து விழும். “தம்பி, மறுபடியும் அதேதான்” என்று ஒரு வரி. எது மறுபடியும், எது அதே என்று தேடவே அரைநாள் ஓடிவிடும். பிழைகளைப் பதிய ஒரு வலைச் செயலி வேண்டும் என்று கிளம்பி, ஏழு வருடத்தில் மூன்றைப் பார்த்தாயிற்று. இப்போது இருப்பது மேன்டிஸ். அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிழையைப் பதிவது, ஆளுக்கு ஒதுக்குவது, படம் இணைப்பது, மின்னஞ்சல் அனுப்புவது எல்லாம் மூன்றிலும் உண்டு. அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இதை நிறுவியவன் வேலையை விட்டுப் போனால், அடுத்தவன் தொடத் துணிவானா? எங்கள் ஊரில் நிரல் எழுதத் தெரிந்த பிள்ளைகள் இரண்டு வருடத்துக்கு மேல் தங்குவதில்லை. கோலாலம்பூர், இல்லையென்றால் சிங்கப்பூர். குறை சொல்ல மாட்டேன், நானும் போய்விட்டுத் திரும்பியவன்தான்.

பக்ஸில்லா 1998இல், இன்று ஃபயர்பாக்ஸ் உலாவியைத் தரும் மொசில்லாவுக்காக டெர்ரி வைஸ்மன் எழுதியது. டிசிஎல் மொழியில் தொடங்கி பெர்லுக்கு மாறியது. தேடல் வசதியில் இன்றும் அதற்கு ஈடாக நான் எதையும் பார்க்கவில்லை. ‘வொர்க்ஸ்ஃபார்மீ’ என்று ஒரு முடிவு நிலை இருக்கிறது, “என்கிட்ட சரியாத்தானே ஓடுது” என்று பொருள். எங்கள் பையன்களுக்கு அதன்மேல் அலாதிப் பிரியம். பெர்ல் தெரிந்த ஒருவர் நிறுவிக் கொடுத்தார், பிறகு சிங்கப்பூர் போய்விட்டார். ஒவ்வொரு மேம்படுத்தலுக்கும் செக்செட்டப் நிரலை ஓட்டி, அது கேட்கும் பெர்ல் தொகுதிகளைத் தேடிப் போடவேண்டும். எங்களில் யாருக்கும் பெர்ல் வராது. ஒன்றரை வருடம் பழைய பதிப்பையே கைபடாமல் வைத்திருந்தோம். தப்பு எங்களுடையது.

ஜிராவின் பெயர் கொஜிராவிலிருந்து வந்தது. காட்ஸில்லாவின் ஜப்பானியப் பெயர் அது, பக்ஸில்லாவைச் சீண்டி வைத்தது. அட்லாசியன் நிறுவனம் 2002இல் வெளியிட்டது. பிழைகளை நிலைவாரியாக வரிசை பிரித்துக் காட்டும் பலகை அழகு, சர்வர் தொல்லையே இல்லை. பராமரிப்பு என்று பார்த்தால் இதுதான் முதலில் நிற்கவேண்டும், மறுக்கமாட்டேன். ஆனால் கிளவுடில், அதாவது அவர்கள் சர்வரிலேயே ஓடும் பதிப்பில், இலவசம் 10 பேர் வரைதான். நாங்கள் எட்டு, ஆலைக் கிராணிகள் ஐந்து. அதோடு இலவசத் திட்டத்தில் யார் எதைப் பார்க்கலாம் என்று அனுமதியை மாற்ற முடியாது. ஓர் ஆலையின் விவகாரம் பக்கத்து ஆலைக்குத் தெரிந்தால் எங்கள் பிழைப்பு போச்சு. சொந்தச் சர்வரில் வைக்கலாம் என்றால், ஜிரா சர்வர் பதிப்புக்கான ஆதரவு 2024 பிப்ரவரி 15உடன் முடிந்துவிட்டது. மாதாமாதம் காசு கொடுக்க வசதியிருந்தால் இந்தப் பத்தியை நீங்கள் தாண்டிவிடலாம்.

மேன்டிஸ் 2000இல் கென்ஸாபுரோ இட்டோ தொடங்கியது. பிஎச்பி மொழி, மைஎஸ்கியூஎல் தரவுத்தளம். எங்கள் மென்பொருளும் அதே ஜோடிதான். ஈப்போ பாலிடெக்னிக் முடித்து வருகிற பிள்ளைக்கு இது அந்நியமாகத் தெரியாது. மேம்படுத்தும் முறையை ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்: தரவுத்தளத்தைப் பிரதி எடு, புதிய பதிப்பை வேறு ஃபோல்டரில் பிரி, பழைய கான்ஃபிக் கோப்பைக் கொண்டுவா, இன்ஸ்டால் பக்கத்தை ஓட்டு, அட்மின் ஃபோல்டரை அழி. இணைத்த படங்களும் இயல்பாகவே தரவுத்தளத்துக்குள் போவதால் ஒரே பிரதியில் எல்லாம் அடக்கம். போன தடவை, வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரமே ஆன தம்பியிடம் தாளைக் காட்டிவிட்டு மாமாக் டீக்கடைக்கு இறங்கினேன். தே தாரிக் ஆறுவதற்குள் போன். “அண்ணே, அட்மின் ஃபோல்டரை அழிச்சிட்டேன், சரிதானே?”

சறுக்கல்களும் உண்டு. நிறுவியதும் இருக்கும் கணக்கின் பெயர் அட்மினிஸ்ட்ரேட்டர், கடவுச்சொல் ரூட். அதை மாற்ற மறந்து பல நாள் விட்டிருந்தோம், வெட்கம்தான். கிராணிகள் அனுப்பும் கைப்பேசிப் படம் ஏறவில்லை என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தோம். ஏற்றும் கோப்புக்கு பிஎச்பியின் இயல்பான வரம்பு 2 எம்பி, அமைப்பில் ஒரு வரியை மாற்றியதும் தீர்ந்தது.

கிராணிகளுக்கு ‘ரிப்போர்ட்டர்’ (பிழை பதிபவர்) நிலை, அவரவர் ஆலைக்குத் தனித்தனி ப்ராஜெக்ட். புதிய பிழைக்கு இளஞ்சிவப்புச் சதுரம், தீர்ந்ததற்குப் பச்சை. “என்னோடது இன்னும் சிவப்பாவே கிடக்கு” என்று போன் வரும், அந்த அளவுக்குப் புரிந்துவிட்டது. பிழையை மறுபடி வரவைப்பது எப்படி என்று கேட்க ஒரு தனிப் பெட்டி இருக்கிறது. அதில் ஒரு கிராணி எழுதினார்: “மழை பெய்தால் மட்டும்.” பையன்கள் சிரித்தார்கள். விசாரித்தால், மழையில் ஒரு லோரி வெறும் எடை போடாமலே போயிருக்கிறது. காலைச் சீட்டு முடியாமல் நிற்க, மதியம் குலையோடு அதே லோரி வந்ததும் எங்கள் நிரல் அதையே இரண்டாம் எடையாக எடுத்துக்கொண்டது. வாட்ஸ்அப்பில் இது “மறுபடியும் அதேதான்” என்றுதான் வந்திருக்கும்.

முப்பது பேர் குழுவுக்கு மேன்டிஸ் தாங்குமா என்று என்னிடம் கேட்காதீர்கள், நாங்கள் எட்டுப் பேர்தான். ரூபி ஆன் ரெயில்ஸில் எழுதிய ரெட்மைன் என்ற இன்னொரு செயலியை ஒரு பிற்பகல் மட்டும் தொட்டுப் பார்த்தேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. ஜிராவின் பலகை மட்டும் இன்னும் நினைவில் நிற்கிறது. திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு மூன்று பத்தி கோடு போட்டு, பிழை எண்களை வெள்ளைப் பலகையில் நானே கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.