ஹெல்சின்கியில் ஒரு நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது

பின்லாந்தின் தலைநகரான ஹெல்சின்கிக்கு வருகிற பலருக்குக் கிடைப்பது ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு. எஸ்தோனியாவின் தாலினுக்குக் கப்பல் ஏறுவதற்கு முன்போ, வடக்கே லாப்லாந்துக்கு ரயில் பிடிப்பதற்கு முன்போ கிடைக்கும் இடைவெளி அது. ஒன்றை எடுத்தால் இன்னொன்றை விட்டுத்தான் ஆகவேண்டும். எதை விடலாம் என்று சொல்லத்தான் இந்த ஒப்பீடு.

முதலில் தீவு. சுவோமென்லின்னாவா, செவுராசாரியா?

சுவோமென்லின்னா ஒரு கடற்கோட்டை. பின்லாந்து ஸ்வீடனின் ஆட்சியில் இருந்தபோது, ரஷ்யாவைத் தடுக்க 1748-ல் கட்டத் தொடங்கினார்கள். 1808-ல் அதே ரஷ்யாவிடம் கோட்டை சரணடைந்தது! 1855-ல், கிரிமியப் போரின்போது, பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கப்பல்கள் வந்து குண்டு வீசின. 1991-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் இது வெறும் காட்சிப்பொருள் இல்லை. சுமார் 800 பேர் இன்றும் அங்கே குடியிருக்கிறார்கள். ஒரு திறந்தவெளிச் சிறைகூட உண்டு. மதில்களைப் பராமரிக்கும் வேலையில் அங்குள்ள கைதிகளுக்கும் பங்கு இருக்கிறது. கௌப்பத்தோரி சந்தைத் திடலில் படகு ஏறினால் கால் மணி நேரத்தில் போய்விடலாம். டிராமுக்கு வாங்கிய ஒரு நாள் டிக்கெட்டே இந்த நகரப் படகுக்கும் செல்லும். கோடையில் பக்கத்திலேயே தனியார் படகுகளும் ஆள் கூப்பிடும். அவற்றுக்குத் தனிக் கட்டணம். கோட்டைக்குள் நுழையக் காசில்லை, அருங்காட்சியகங்களுக்கு மட்டும் உண்டு. அரை நாளாவது ஒதுக்குங்கள். கருங்கல் பாவிய பாதை, கடற்காற்று இரண்டும் இருப்பதால் நல்ல செருப்பும், ஜூலையாக இருந்தாலும் ஒரு ஜாக்கெட்டும் வேண்டும்.

செவுராசாரி 1909-ல் தொடங்கிய திறந்தவெளி அருங்காட்சியகம். நாட்டின் பல பகுதிகளிலிருந்து பழைய மரவீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து, இங்கே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். 1686-ஐச் சேர்ந்த கருணா தேவாலயமும் அதில் ஒன்று. (ஆமாம், அது முதலில் இருந்த ஊரின் பெயரே கருணாதான்.) குழந்தைகளுக்கு வீடுகளைவிட அணில்கள்தான் பிடிக்கும். கோடை தவிர மற்ற மாதங்களில் வீடுகள் பூட்டியே இருக்கும், தீவில் நடக்க மட்டும் செய்யலாம். ஆக, சுவோமென்லின்னாதான். சுற்றுலாப் பயணிகள் மொய்க்கிற இடம் என்று ஒதுக்கவேண்டாம். அதன் புகழுக்கு அது தகுதியானதுதான்.

அடுத்தது தெம்ப்பேலியௌக்கியோ பாறைக் கோயிலும் ஓதி நூலகமும். முன்னது பாறையைக் குடைந்து உருவாக்கி 1969-ல் திறந்த தேவாலயம்; மேலே செம்புக் கூரை, சுற்றிலும் செதுக்காத பாறைச் சுவர். சுற்றிப் பார்க்க வருபவர்களுக்குக் கட்டணம் உண்டு, பத்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிடலாம். 2018-ல் திறந்த ஓதி, நாடாளுமன்றத்துக்கு எதிரே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாக நுழையலாம். ஒரு தளத்தில் தையல் இயந்திரத்தில் யாரோ பேண்ட் தைத்துக்கொண்டிருப்பார்கள், இன்னொருவர் முப்பரிமாண அச்சில் எதையோ வார்த்துக்கொண்டிருப்பார். மழை வந்தால் யோசிக்கவே வேண்டாம், ஓதிதான்.

சரி, சாப்பாடு. துறைமுகத்தை ஒட்டிய பழைய சந்தைக்கூடம் 1889-லிருந்து இருக்கிறது. அழகான இடம்தான். ஆனால் கலைமான் இறைச்சி டப்பாவைக் கையில் எடுத்துப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற வெளியூர்க்காரர்கள். ஹகனியெமி பகுதியில் உள்ள செங்கல் சந்தைக்கூடம் 1914-ஐச் சேர்ந்தது, நீண்ட புதுப்பிப்புக்குப் பிறகு 2023-ல் திரும்பத் திறந்தது. அங்கே ஊர்க்காரர்கள் பையோடு வந்து மீன் வாங்குவதைப் பார்க்கலாம். லோஹிகெய்த்தோ என்கிற சால்மன் சூப் (பால் கிரீம், உருளைக்கிழங்கு, சோயிக்கீரை) இரண்டு இடத்திலும் கிடைக்கும். என் ஓட்டு ஹகனியெமிக்கு. துறைமுகத் திடலில் திறந்தவெளியில் சாப்பிட்டால் கடற்காகங்கள் மேல் ஒரு கண் இருக்கட்டும். தட்டிலிருந்தே கொத்திக்கொண்டு போய்விடும்.

காசு மிச்சம் பிடிக்கவேண்டுமானால் இரவுச் சாப்பாட்டை எளிதாக வைத்துக்கொண்டு, மதியம் நன்றாகச் சாப்பிடுங்கள். வார நாட்களில் பதினொரு மணி முதல் இரண்டு மணி வரை பல உணவகங்களில் 'லோவுனஸ்' என்ற மதியச் சாப்பாடு உண்டு. சாலட், ரொட்டி, காபி பெரும்பாலும் அதிலேயே அடக்கம். அதே உணவகத்தில் இரவு உட்கார்ந்தால் பில் எகிறும். சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: வியாழக்கிழமை வழக்கமான பட்டாணி சூப்பில் பெரும்பாலும் பன்றி இறைச்சி இருக்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள். குழாய்த் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். டிப்ஸ் யாரும் எதிர்பார்ப்பதில்லை. கோர்வபூஸ்தி என்ற இலவங்கப்பட்டை பன்னை எந்தக் கடையில் வாங்கினாலும் ஏலக்காய் மணக்கும், இதற்கு ஒப்பீடு தேவையில்லை.

கடைசியில் சவுனா, அதாவது பின்லாந்து பாணி வெப்ப நீராவிக் குளியல். 2016-ல் திறந்த லோய்லு கடலோரத்தில் இருக்கிறது. நீச்சலுடை கட்டாயம், ஆண் பெண் சேர்ந்தே உட்காரலாம், வெளியே வந்தால் நேராகக் கடலில் இறங்கலாம். முன்பதிவு இல்லாமல் போகவேண்டாம். கல்லியோ பகுதியில் உள்ள கோத்திஹர்யு 1928 முதல் விறகடுப்பில் ஓடுகிறது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி, உள்ளே உடையில்லாமல்தான். வெந்தவர்கள் துண்டைச் சுற்றிக்கொண்டு தெருவோரத்தில் உட்கார்ந்து ஆறுவார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உண்மையான சவுனா கோத்திஹர்யுதான் என்பேன். ஆனால் குடும்பமாக வந்திருந்தாலும், கூச்சம் இருந்தாலும் லோய்லுவுக்கே போங்கள்.