சவுண்ட் பாக்ஸ் சிறுகடைக்குக் கட்டுப்படியாகுமா? கணக்கு எழுதுபவரின் மதிப்புரை

திருவல்லிக்கேணியிலும் ஜாம் பஜாரிலும் உள்ள சில மளிகைக் கடைகளுக்கும் பூக்கடை, பழக்கடை, டீக்கடைகளுக்கும் வரவு செலவுக் கணக்கு எழுதித் தருவது என் தொழில். அந்தக் கடைகளில் எல்லாம் கல்லாவுக்குப் பக்கத்தில் இப்போது சவுண்ட் பாக்ஸ் இடம்பிடித்துவிட்டது. வாடிக்கையாளர் ஜிபேயிலோ போன்பேயிலோ பணம் அனுப்பியதும் "இவ்வளவு ரூபாய் பெறப்பட்டது" என்று சத்தமாகச் சொல்லும் அந்தச் சின்னப் பெட்டியைப் பற்றிக் கடைக்காரர் பக்கத்திலிருந்து யாரும் விரிவாக எழுதியதாகத் தெரியவில்லை. பல நிறுவனங்கள் இதைத் தருகின்றன. நான் பார்த்தவரையில் அவற்றுக்கு இடையே பெரிய வேறுபாடு இல்லை. எனவே எந்த ஒரு நிறுவனத்தின் பெட்டியையும் தனியாக எடுத்துக்கொள்ளாமல், இந்தச் சேவையையே மதிப்பிடுகிறேன்.

பெட்டிக்குள் ஒரு சிம் கார்டும் பேட்டரியும் ஒலிபெருக்கியும் இருக்கின்றன. முகப்பில் ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியீடு அந்தக் கடைக்கென்று பதிவான யுபிஐ முகவரியைத் தாங்கியிருக்கிறது. வாடிக்கையாளரின் வங்கி பணத்தைக் கழித்து, கடைக்காரர் தரப்பில் பணம் சேர்ந்ததாக உறுதியான பிறகுதான் நிறுவனத்தின் சர்வரிலிருந்து பெட்டிக்குச் செய்தி வருகிறது. இந்த வரிசைதான் இதன் உயிர்நாடி. வாடிக்கையாளரின் கைப்பேசித் திரையில் பச்சை டிக் தெரிவதற்கும் பெட்டி பேசுவதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. பணம் சென்றதைப் போலவே திரையில் காட்டும் போலிச் செயலிகளை வைத்து ஏமாற்றுகிறவர்களும், கடையின் க்யூஆர் மேல் தங்களுடைய ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போகிறவர்களும் இதனால்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டு வகை மோசடியிலும் பெட்டி வாய் திறக்காது.

நான் கணக்கு பார்க்கும் மளிகைக் கடை ஒன்றில் மாலை ஏழு மணிக்குப் போய் நின்றால் இதன் அருமை புரியும். அண்ணாச்சி உள்ளே பருப்பு மூட்டையைப் பிரித்துக்கொண்டிருப்பார். கல்லாவில் ஊரிலிருந்து வந்த பதினெட்டு வயதுப் பையன் நிற்பான். முன்பெல்லாம் யார் யுபிஐயில் பணம் போட்டாலும், "அண்ணாச்சி, போன்ல வந்துச்சான்னு பாருங்க" என்று அவன் குரல் கொடுக்க வேண்டும். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குறுஞ்செய்தியைத் தேட வேண்டும். வங்கியின் செய்தி தாமதமானால் வாடிக்கையாளர் முகம் சுளிக்க வேண்டும். இப்போது பெட்டி சொல்கிறது, பையன் தலையசைக்கிறான், அடுத்தவருக்குப் பொட்டலம் கட்டுகிறான். முதலாளியின் கைப்பேசி முதலாளியிடமே இருக்கிறது. வங்கிக் கணக்கின் இருப்பு எவ்வளவு என்று வேலையாளுக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத பூக்கார அக்காவுக்கோ இது இன்னும் பெரிய விடுதலை, ஏனென்றால் ஈரக் கையோடு பூ அளந்துகொண்டே காதால் கேட்டு வரவை உறுதி செய்துகொள்ள முடிகிறது. இந்த நாட்டில் யுபிஐ வேரூன்றியதற்கு வங்கிகளும் செயலிகளும் எவ்வளவு காரணமோ, நடைபாதை வியாபாரிக்கு நம்பிக்கை தந்த இந்தப் பெட்டியும் அவ்வளவு காரணம் என்று உறுதியாக நினைக்கிறேன்.

குறையும் உண்டு. பெட்டி தொகையை மட்டுமே சொல்கிறது, யார் அனுப்பினார் என்பதைச் சொல்வதில்லை. கூட்ட நேரத்தில் இரண்டு பேர் அடுத்தடுத்து 85 ரூபாய் அனுப்ப வேண்டியிருந்து, பெட்டி ஒரு முறை மட்டும் "எண்பத்தைந்து ரூபாய்" என்று சொன்னால், அது யாருடைய பணம் என்ற கேள்விக்குக் கல்லாவில் பதில் இல்லை. பையன் இருவர் திரையையும் வாங்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. யுபிஐ செயலிகளில் பணம் பெறுபவரின் பெயர் வங்கிக் கணக்கில் உள்ளபடியே தெரிய வேண்டும் என்று, யுபிஐயை நடத்தும் அமைப்பான என்பிசிஐ 2025இல் ஏற்பாடு செய்தது. அது அனுப்புகிறவருக்கான பாதுகாப்பு. வாங்குகிறவருக்கும் பெட்டியில் ஒரு சிறு திரையை வைத்து, அனுப்பியவர் பெயரின் முதல் சில எழுத்துகளையாவது காட்டினால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். சில புதிய பெட்டிகளில் திரை இருக்கிறது, ஆனால் நான் பார்த்தவற்றில் அதிலும் தொகைதான் ஓடுகிறது.

தமிழ் அறிவிப்பு தெளிவாக இருக்கிறது. நூறுகளும் ஆயிரங்களும் சரியாகப் புணர்ந்து ஒலிக்கின்றன. இயந்திரத்தனம் கொஞ்சம் தெரிந்தாலும், பாரதி சாலையின் ஹாரன் சத்தத்தையும் மீறிப் புரிகிறது. மின்சாரம் போனாலும் பேட்டரி தாங்குகிறது. ஆனால் வலையமைப்பு போனால் எதுவும் செய்ய முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நகரத்தின் பல பகுதிகளில் கைப்பேசிச் சேவையே முடங்கியதால், பாலும் மெழுகுவத்தியும் ரொக்கத்துக்குத்தான் விற்றன. 2025 ஏப்ரல் 12, சித்திரைப் பிறப்புக்கு முந்தைய சனிக்கிழமை, நாடு முழுவதும் யுபிஐ தடுமாறியது. பண்டிகைக்குச் சாமான் வாங்க வந்தவர்கள் பையைக் கல்லாவிலேயே வைத்துவிட்டு ஏடிஎம்மைத் தேடிப் போனார்கள். பெட்டி வாங்கும் கடைக்காரர் கொஞ்சம் சில்லறையைக் கையில் வைத்துக்கொள்வதை விட்டுவிடக் கூடாது.

இனி, நான் எழுத வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அது இந்தப் பெட்டியின் வாடகை.

யுபிஐ 2016 ஏப்ரலில் 21 வங்கிகளோடு சோதனையாகத் தொடங்கியது. 2019 அக்டோபரில் ஒரு மாதத்தின் பரிவர்த்தனைகள் 100 கோடியைத் தாண்டின. 2025 ஆகஸ்டில் அது 2,000 கோடியைத் தாண்டியது. இந்த வேகத்துக்கு முக்கியக் காரணம், 2020 ஜனவரி 1 முதல் யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் எம்டிஆர் என்னும் வணிகர் கட்டணத்தை அரசு முற்றிலும் நீக்கியதுதான். கடைக்காரர் ஒரு பைசா தராமல் பணம் பெறலாம் என்றானது. பணத்தைக் கொண்டுசேர்க்கும் நிறுவனங்களுக்கோ செலவு இருக்கிறது. சிறு வணிகர்கள் பெறும் 2,000 ரூபாய் வரையிலான யுபிஐ தொகைக்கு 0.15 சதவீதம் என்று 2024-25ஆம் ஆண்டுக்கு 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டத்தை மத்திய அரசு அறிவித்தது. அது வங்கிகளுக்கும் பணப் பரிமாற்ற நிறுவனங்களுக்கும் போனது, அவர்களுக்கு அது போதவில்லை. கட்டணம் வாங்க முடியாத இடத்தில் வாடகை வாங்கலாம் என்பதால்தான் இந்தப் பெட்டி இவ்வளவு வேகமாகத் தெருத்தெருவாக வந்து சேர்ந்தது.

என்னிடம் கணக்கு எழுதும் கடைகளில் மாத வாடகை பெரும்பாலும் 100 முதல் 125 ரூபாய் வரை இருக்கிறது; அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 125 ரூபாய் வாடகை என்றால் கையிலிருந்து போவது 147 ரூபாய் 50 காசு. ஜிஎஸ்டி பதிவு இல்லாத கடையோ, விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் உள்ள கடையோ அந்த 22 ரூபாய் 50 காசை, தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கவும் முடியாது.

இந்தத் தொகையை வியாபாரத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். எம்டிஆர் ஒழிவதற்கு முன்பு, 2018 ஜனவரியிலிருந்து ரிசர்வ் வங்கி விதித்திருந்த உச்ச வரம்பின்படி, ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்குள் உள்ள சிறு கடை டெபிட் கார்டுப் பணத்தை க்யூஆர் வழியாக வாங்கினால் 0.30 சதவீதத்துக்கு மேல் கட்டணம் கிடையாது. அதைவிடப் பெரிய கடைக்கு வரம்பு 0.80 சதவீதம். மாதம் இரண்டு லட்சம் ரூபாய் யுபிஐயில் வாங்கும் மளிகைக் கடை அந்தப் பழைய 0.80 சதவீதத்தில் 1,600 ரூபாய் வரை கட்ட வேண்டியிருந்திருக்கும். இன்று அது 147 ரூபாய் 50 காசோடு முடிகிறது. அண்ணாச்சிக்கு இது கொள்ளை லாபம். பார்த்தசாரதி கோயில் பக்கம் பூ விற்கும் அக்காவுக்கு மாதம் 15,000 ரூபாய் யுபிஐயில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய 0.30 சதவீதத்தில் அவர் கட்டியிருக்க வேண்டியது 45 ரூபாய். இன்று பெட்டிக்குக் கட்டுவது அதைப் போல மூன்று மடங்குக்கும் மேல், கிட்டத்தட்ட ஒரு சதவீதம். கட்டணமே இல்லை என்று சொல்லப்படும் ஏற்பாட்டில், மிகக் குறைவாகச் சம்பாதிப்பவர் மிக அதிக விகிதத்தில் கட்டுகிறார். மாதம் சுமார் 49,000 ரூபாய்க்குக் கீழே யுபிஐ வரவுள்ள எந்தக் கடைக்கும் இந்தப் பெட்டி அந்தப் பழைய 0.30 சதவீதக் கட்டணத்தைவிட விலை கூடியதுதான். இதைக் கணக்கில் பார்த்த நாளிலிருந்து எனக்கு மனம் ஒப்பவில்லை. வாடகையை எல்லாருக்கும் ஒன்றாக வைக்காமல், வரவுக்கு ஏற்ப வைப்பதில் எந்தத் தொழில்நுட்பத் தடையும் கிடையாது. எந்தக் கடைக்கு எவ்வளவு வருகிறது என்பது வாடகையைப் பிடிக்கும் அதே நிறுவனத்துக்குத்தான் பைசா சுத்தமாகத் தெரியும்.

அப்படி வரவு தெரிவதால்தான் பெட்டியின் பின்னாலேயே கடனும் வருகிறது. சில மாதங்கள் பெட்டி ஓடியதும் செயலியில் "உங்களுக்கு ஒரு லட்சம் தயார்" என்று செய்தி வரும்; கடனை அந்த நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்த நிதி நிறுவனம் தரும்; தவணை தினமும் யுபிஐ வரவிலிருந்து தானாகக் கழியும். ஒரு லட்சம் வாங்கி, ஓராண்டில் தினம் 315 ரூபாயாக மொத்தம் 1,15,000 கட்டுவதாக வைத்துக்கொள்வோம். பதினைந்து சதவீத வட்டிதானே என்று கடைக்காரர் நினைப்பார். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால் உண்மையான ஆண்டு வட்டி 28 சதவீதத்தைத் தாண்டுகிறது. டிஜிட்டல் கடனுக்கான ரிசர்வ் வங்கி விதிகளின்படி இந்த ஆண்டு விகிதத்தைக் கடன் தருவதற்கு முன்பே முக்கிய விவரத் தாளில் காட்ட வேண்டும். அந்தத் தாள் செயலியில் இருக்கவே செய்கிறது, ஆனால் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழில் பேசும் பெட்டியை விற்கத் தெரிந்தவர்களால் தமிழில் ஒரு தாள் தர முடியும்.

இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஜாம் பஜாரில் நெடுங்காலமாக நடக்கும் தண்டல் என்னும் தினவசூல் கடனோடு ஒப்பிட்டால் இந்தக் கடன் எவ்வளவோ மேல். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு ஒன்பதாயிரத்தைக் கையில் கொடுத்து, நூறு நாளுக்குத் தினம் நூறு ரூபாய் வசூலிக்கும் தண்டலின் ஆண்டு வட்டி ஏறத்தாழ 78 சதவீதம். ரசீது கிடையாது, கடை வாசலில் நின்று சத்தம் போடுவதும் உண்டு. கந்துவட்டியைத் தடுக்க 2003இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தும் அது ஒழியவில்லை. வங்கி வாசல் மிதிக்கத் தயங்கும் ஒரு பழக்காரருக்கு, ஜாமீன் கேட்காமல், அவர் வியாபாரத்தையே ஆதாரமாகக் கொண்டு கடன் கிடைப்பது சாதாரண விஷயமல்ல. அதே சமயம், தண்டல்காரரிடம் "அண்ணே, இன்னிக்கு மழை, யாவாரமே இல்ல, நாளைக்கு வாங்கிக்கோங்க" என்று சொல்ல முடியும். பெட்டியிடம் சொல்ல முடியாது. வந்த வரவில் முதல் பங்கு தவணைக்குப் போய்விடுவதால், மறுநாள் விடியற்காலை கோயம்பேட்டில் சரக்கு எடுக்கக் கைமுதல் குறைகிறது. கடன் எடுக்கிறவர்கள் மழைக்காலத்துக்கு முன்பே அதை அடைத்து முடிக்கும்படி கால அளவைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

சேவைத் தரம் என்று பார்த்தால், பெட்டியைக் கொண்டுவந்து வைக்கும்போது இருக்கும் வேகம் அதைத் திருப்பி எடுக்கும்போது இருப்பதில்லை. வைக்க வரும் பையன் பத்து நிமிடத்தில் வேலையை முடித்துவிடுகிறான். வேண்டாம் என்று சொன்ன பிறகு உதவி எண்ணில் பேசுவதும், எடுத்துப் போக ஆள் வருவதற்குக் காத்திருப்பதும், அதற்குள் இன்னொரு மாத வாடகை கழிந்துவிடுவதும் நான் பல கடைக் கணக்குகளில் பார்ப்பவை.

என் பரிந்துரை இதுதான். வேலையாள் வைத்து நடத்தும் கடை, மாதம் அரை லட்சத்துக்கு மேல் யுபிஐ வரவுள்ள கடை என்றால் யோசிக்காமல் வாங்கலாம். தனியாளாக நடத்தும் சிறு கடைக்கு, வணிகர் செயலியிலேயே உள்ள குரல் அறிவிப்பைக் கைப்பேசியில் இயக்கி வைத்துக்கொண்டால் வாடகை இல்லாமல் ஓரளவு அதே பலன் கிடைக்கும். கூட்டத்தில் அது கேட்கவில்லை என்றால் பெட்டிக்குப் போகலாம், ஆனால் முதலில் தங்கள் வங்கிக் கிளையில் விசாரிக்க வேண்டும். வங்கிகளும் இப்போது பெட்டி தருகின்றன. வாடகையில் பேச்சுக்கு இடம் உண்டா என்று கேட்பதில் தவறில்லை. பெட்டியைத் திருப்பித் தருகிறவர்கள் ஆளிடம் கொடுத்ததோடு விட்டுவிடாமல், ஒப்படைத்ததற்கான குறுஞ்செய்தியைப் பத்திரப்படுத்த வேண்டும். வாடகை மாதாமாதம் தானாகக் கழிய ஆட்டோபே ஒப்புதல் கொடுத்திருந்தால், யுபிஐ செயலியின் ஆட்டோபே பகுதிக்குப் போய் அதையும் அன்றைக்கே ரத்து செய்துவிட வேண்டும்.