உப்புத் தண்ணீர் ஊரில் வெந்நீர்: மாடியில் சோலாரா, குளியலறையில் கீசரா?

ஐப்பசி அடைமழை பிடித்ததும் காவிரி டெல்டாவில் பிளம்பரையும் எலக்ட்ரீஷியனையும் வீட்டுக்காரர்கள் கேட்பது இதைத்தான்: "சோலார் ஹீட்டர் போட்டுடலாமா, இல்ல கீசரே போதுமா?" அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்றும் வரும்: "சோலாருக்கு கவர்மெண்ட் மானியம் தருதாமே?"

எங்கள் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நாலைந்து பேர் உள்ள வீடு, போர் தண்ணீர் என்றால் 15 லிட்டர் ஸ்டோரேஜ் கீசர்தான். எங்கள் வீட்டிலும் அதைத்தான் மாட்டியிருக்கிறோம். மாடியில் போடப் பணம் இருந்தால் அதை மின்சாரம் தரும் சோலார் பேனலில் போடலாம்; வெந்நீர் தரும் கண்ணாடிக் குழாயில் வேண்டாம். மின் கட்டணம் இதற்குப் பாதிக் காரணம்தான். மீதி முழுவதும் உப்பு.

மானியக் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். சோலார் என்ற ஒரே சொல்லில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்த சூர்ய கர் திட்டம் பேனலுக்கு மட்டும் உரியது: 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000. வெந்நீர்க் கலனுக்கு மத்திய அரசு கொடுத்துவந்த மானியம் 2014-லேயே நின்றுவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது, அந்த அளவில் விலை இறங்கியது உண்மை. ஆனால் "மானியம் வாங்கித் தருகிறேன்" என்று சொல்லி வெந்நீர்க் கலனுக்கு முன்பணம் கேட்பவரிடம், எந்தத் திட்டம் என்று எழுதிக் கேளுங்கள். அரசு இன்று கை கொடுப்பது பேனலுக்குத்தான். இந்த முடிவில் அதற்கும் பங்கு உண்டு.

மற்ற வழிகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கேஸ் கீசர் தண்ணீரைச் சட்டென்று சூடாக்கும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று ஏறத்தாழ 145 யூனிட் மின்சாரம் தரும் அளவுக்கு வெந்நீர் தரும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதைச் சிறிய, காற்றுப் போக்கில்லாத குளியலறைக்குள் மாட்டுவது உயிரோடு விளையாடுவது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மாட்டியே தீர வேண்டுமானால் வெளிச்சுவரில் மாட்டுங்கள். ஒரு மாடி வீட்டில் தொட்டி தாழ்வாக இருந்தால் அழுத்தம் போதாமல் பற்றவே பற்றாது. ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.1 பார்தான் கிடைக்கும். 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு நல்லது, நாலு பேர் குளிக்க ஆகாது. விறகு பாய்லரைக் கேலி செய்ய வேண்டாம். தென்னந்தோப்பு உள்ள வீட்டில் மட்டையும் பன்னாடையும் சும்மா கிடக்கின்றன. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த நாட்களில் வெந்நீர் கிடைத்தது அடுப்பில்தான். கீசர் மாட்டினாலும் கொல்லையில் இருக்கும் அண்டாவை விற்காதீர்கள்.

இனி உப்பு.

திருவையாறு, பாபநாசம் பக்கம் ஆற்றோரத்து மேல்மட்ட நீர் ஓரளவு மென்மையானது. கிழக்கே போகப் போக, தலைஞாயிறு, வேதாரண்யம் வரும்போது போரில் கடலின் உவர்ப்பு ஏறிவிடும். கொள்ளிடத்துக் கூட்டுக் குடிநீர் குழாயில் வந்தாலும் அது குடிக்கவும் சமைக்கவும்தான். குளியலறைத் தொட்டிக்குப் போவது போர் தண்ணீர். குடிநீருக்கான இந்தியத் தர அளவில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் ஏற்கத்தக்கது, வேறு ஆதாரம் இல்லாவிட்டால் 600 வரை. குடிக்க 600 பரவாயில்லை என்பதால் கீசருக்கும் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பேனா போன்ற டிடிஎஸ் மீட்டரை முக்கி எண்ணைப் பார்த்து முடிவு செய்வதும் தவறு. அது எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும், கடினத்தன்மையைத் தனியாகச் சொல்லாது. கடினத்தன்மைக்கும் குளோரைடுக்கும் தனித்தனியாகச் சோதனை செய்ய வேண்டும். இரண்டும் செய்யும் கேடு வேறு வேறு.

கடினத்தன்மை படியும். கரைந்திருக்கும் பைகார்பனேட் சூட்டில் உடைந்து சுண்ணாம்பாக ஒட்டிக்கொள்ளும், 60 டிகிரிக்கு மேல் வேகமாக. குளோரைடு அரிக்கும். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டியில் வெல்டிங் தையல் ஓரத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை போடும். சோலார் வெந்நீர்க் கலன்களில் உள்தொட்டி பெரும்பாலும் இந்த ரகம். ஓட்டை விழுந்தாலும் வெளியே உடனே தெரியாது. தண்ணீர் சூடு போகாமல் காக்கும் பஃப் நுரைக்குள் இறங்கி, அது நனைந்து, வெளித்தகடு துருப்பிடித்த பிறகே சொட்டும். அதற்குள் தொட்டியே போயிருக்கும், வெல்டிங் வைத்தாலும் பக்கத்திலேயே இன்னொன்று கிளம்பும்.

கண்ணாடிக் குழாய் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். 100 லிட்டர் கலனுக்கு 58 மி.மீ. விட்டமும் 1800 மி.மீ. நீளமும் உள்ள பத்துக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் இரண்டரை லிட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும். சூடான நீர் மேலே போகும், உடைந்த சுண்ணாம்பும் சேறும் கீழே இறங்கி அடிக்குமிழில் உட்காரும். வெளியேற வழி கிடையாது, ஏனென்றால் குழாயின் கீழ்ப்பக்கம் மூடியிருக்கிறது. சித்திரை, வைகாசியில் யாரும் வெந்நீர் எடுக்காதபோது தண்ணீர் நாள் முழுக்கக் கொதிநிலையை ஒட்டி நிற்கும். படிவு அதிகம் சேரும் காலம் அதுதான். ஆக, நாம் பயன்படுத்தாத மாதங்களில்தான் கலன் அதிகம் கெடுகிறது.

சுத்தம் செய்யும் முறை இது. விடியற்காலையில், அல்லது முதல் நாள் மாலையே தார்ப்பாய் போட்டு மூடிய பிறகு, தண்ணீர் வரத்தை அடைத்து வடிக்க வேண்டும். குழாயைச் சோப்புத் தண்ணீர் தடவித் திருகி, தொட்டிப் பக்கம் மேலே ஏற்றி, கீழ்த்தாங்கியிலிருந்து விடுவித்து இறக்க வேண்டும். சிலிக்கான் வளையம் கிழிந்தால் மாற்ற வேண்டும். வெயிலில் காய்ந்த காலிக் குழாயில் குளிர்ந்த நீர் பட்டால் பளிச்சென்று விரிசல் விடும். இவ்வளவையும் மொட்டை மாடியில், குனிந்தபடி, பத்துக் குழாய்க்கும் செய்ய வேண்டும். அதனால்தான் இரண்டாம் வருஷத்துக்குப் பிறகு யாரும் செய்வதில்லை. கலன் மோசமில்லை, பராமரிப்புதான் நடப்பதில்லை. எங்கள் முடிவு இந்த இடத்தில்தான் விழுகிறது.

கீசரிலும் அதே உப்பு படியும். ஆனால் அது படியும் இடம் கைக்கு எட்டுகிறது. வருஷத்துக்கு ஒருமுறை, புரட்டாசிக் கடைசியில் ஒரு மணி நேரம் போதும். மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து, வரத்து வால்வை மூடி, தண்ணீரை வடியுங்கள். அடிமூடியைத் திறந்து, வயர்களைப் படம் எடுத்துக்கொண்டு கழற்றி, ஃபிளாஞ்சின் (எலிமென்ட்டைத் தாங்கும் வட்டத் தகடு) நட்டுகளை எதிரெதிராகத் தளர்த்தி, தண்ணீரைச் சூடாக்கும் கம்பியான எலிமென்ட்டை உருவுங்கள். ஸ்க்ரூடிரைவரால் கொத்தாதீர்கள், உறை கீறிவிடும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 100 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து நுரை அடங்கும் வரை ஊறப்போட்டால் சுண்ணாம்பு தானே உதிரும். கழிப்பறை ஆசிட் வேண்டாம், அது உலோகத்தையும் தின்னும். தொட்டிக்குள் கிடக்கும் செதில்களைக் கையால் அள்ளிவிடுங்கள். பக்கத்தில் இருக்கும் மக்னீசியம் ஆனோடு ராடைப் பாருங்கள்: பாதிக்குமேல் கரைந்திருந்தால் மாற்றுங்கள். தொட்டிக்குப் பதிலாக அரிபடுவதற்கென்றே வைத்த பொருள் அது. உவர்ப்பு ஊரில் அதை மறந்தால் எனாமல் தொட்டியும் தாங்காது. கேஸ்கட் புதிதாகப் போடுங்கள், பழையதைத் திருப்பிப் போட்டால் ஒரு வாரத்தில் கசியும்.

மாட்டும் முன் மல்டிமீட்டரில் பாருங்கள். 2 கிலோவாட் எலிமென்ட் 26 ஓம் சுமாரில் காட்ட வேண்டும். எண் வராவிட்டால் எலிமென்ட் அறுந்திருக்கிறது. முனைக்கும் உறைக்கும் இடையே மெகர் (மின்காப்பை அளக்கும் மீட்டர்) வைத்து ஒரு மெகாஓமுக்குக் கீழே வந்தால் தயங்காமல் மாற்றுங்கள், ஷாக் அங்கிருந்துதான் வரும். தெர்மோஸ்டாட்டை 50 டிகிரியில் வைத்தால் படிவு நன்றாகக் குறையும், குளிக்க அது போதும். வரத்தில் சுண்ணாம்பு ஒட்டாமல் தடுக்கும் பாலிபாஸ்பேட் குண்டு ஃபில்டர் வைப்பது கீசருக்கு உதவும். சோலார் கலனுக்கு அவ்வளவாக உதவாது, ஏனென்றால் அதிக சூட்டில் நெடுநேரம் நிற்கும்போது அந்த மருந்து தன் குணத்தை இழந்துவிடும்.

பருவமும் கீசர் பக்கமே நிற்கிறது. நமக்கு வெந்நீர் வேண்டியது ஐப்பசி முதல் தை வரை. வடகிழக்குப் பருவமழை அடிப்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. வானம் மூடிக் கிடக்கும்போதுதான் குளிர் எடுக்கிறது. அதற்குத்தான் சோலார் கலனுக்குள் பேக்கப் எலிமென்ட் வைக்கிறார்கள். அது 100 லிட்டரையும் சூடாக்கும்: 26 டிகிரியிலிருந்து 50-க்குக் கொண்டுபோக 2.8 யூனிட். 15 லிட்டர் கீசர் 26-லிருந்து 60 வரை போனாலும் 0.6 யூனிட்தான், அதில் குளிர்நீர் கலந்தால் இரண்டு பேர் குளிக்கலாம். போதாததற்கு, மாடியிலிருந்து குளியலறைக்கு 15 மீட்டர் முக்கால் அங்குலக் குழாய் என்றால் வெந்நீர் வருமுன் நாலு லிட்டர் ஆறிய தண்ணீர் வீணாகும். தென்னை நிழலைச் சொல்லவே வேண்டாம். மட்டை விழுந்தால் கண்ணாடிக்கு என்ன ஆகும் என்பதையும்தான்.

மின் கட்டணம் பற்றிய பயம் நியாயமானதுதான், ஆனால் கணக்குப் போட்டுப் பயப்பட வேண்டும். நாலு பேர் வீட்டில் கீசர் நாளுக்கு ஒன்றரை யூனிட் இழுக்கும், இரண்டு மாதத்துக்கு 90 யூனிட். 2016 மே மாதம் வந்த 100 யூனிட் இலவசம் இதில் பெரும்பங்கை மூடிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அந்த 100-ஐ ஃபேனும் ஃபிரிட்ஜும் முன்பே தின்றுவிடும். கவனிக்க வேண்டியது இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்ற வரம்பு. 2022 செப்டம்பர் கட்டணத்தில் சரியாக 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 510-க்கு 2,030. பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான 2.25 ரூபாய்ச் சலுகை பறிபோய் 4.50 ஆகிவிடுவதும், தாண்டிய ஒவ்வொரு யூனிட்டும் 8 ரூபாய் ஆவதும்தான் காரணம். உங்கள் கடைசி பில்லில் இருக்கும் விகிதத்தை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆறுதலான விஷயம், கீசர் ஓடும் மாதங்களில் ஏசி ஓடாது. கோடையில் 500-ஐத் தொடும் வீடு மார்கழியில் கீசரோடும் அதற்குக் கீழேயே இருக்க வாய்ப்பு அதிகம். ரீடிங் எடுக்கும் தேதிக்குப் பத்து நாள் முன்னால் மீட்டரைப் பார்த்துவிடும் பழக்கம் வேண்டும், அவ்வளவுதான். மாதாமாதம் கணக்கெடுப்பு என்பது 2021 தேர்தல் வாக்குறுதி. அதை நம்பிக் கீசர் வாங்காதீர்கள், மாட்டாமலும் இருக்காதீர்கள்.

பேனலைச் சேர்த்தால் இந்த வரம்புப் பிரச்சினையே தளர்ந்துவிடும். 1 கிலோவாட் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும், மழை மாதத்தில் குறையும். ஆனால் பகலில் மிஞ்சி ஈ.பி. லைனுக்குப் போவது நெட் மீட்டரில் (போவதையும் வருவதையும் கணக்கிடும் மீட்டர்) வரவாகி விடியற்காலைக் குளியலுக்குக் கழியும். முக்கியமாக, பேனல் உப்புத் தண்ணீரைத் தொடுவதே இல்லை. கடற்காற்று தொடும்: நாகை, வேளாங்கண்ணி பக்கம் தாங்கிச் சட்டம் ஹாட்-டிப் கால்வனைஸ் (உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுப்பது) செய்ததாகவும் போல்ட்டுகள் ஸ்டெயின்லெஸ் ஆகவும் இருக்க வேண்டும். அந்த ஓரத்தில் வீட்டுப் பேனல்கள் ஓடிய காலம் இன்னும் குறைவுதான், இருபது வருஷம் தாங்கும் என்று அடித்துச் சொல்ல நாங்கள் தயாரில்லை. ஈ.பி. போனால் பேட்டரி இல்லாத பேனலும் நின்றுவிடும் என்பதை வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

சோலார் வெந்நீர்க் கலன் ஜெயிக்கும் இடமும் இருக்கிறது. கும்பகோணத்து லாட்ஜ், கல்யாண மண்டபம், மாணவர் விடுதி போன்ற இடங்களில் வருஷம் முழுக்க நாளுக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் செலவாகும், தண்ணீர் தேங்கிக் கொதிக்காது, பராமரிக்க ஆளும் இருப்பார். அங்கே கூட உவர்ப்பு நீர் என்றால் வெப்பமாற்றி வைத்த மூடிய சுற்று வகையைக் கேளுங்கள். விலை கூடும், ஆனால் வெயில் வாங்கும் குழாய்களுக்குள் ஓடும் நீர் மாறாது. குளிர்நீர் தரும் மாடித் தொட்டியின் அடிமட்டம் கலனின் உச்சியைவிட ஓரடியாவது மேலே இருக்கட்டும். காற்றுக்குழாயை யாரும் அடைக்கக் கூடாது. கலனிலிருந்து முதல் இரண்டு மீட்டர் உலோகக் குழாயாக இருக்கட்டும், தேங்கிய சூட்டில் சிபிவிசி (வெந்நீருக்கான பிளாஸ்டிக் குழாய்) தளர்ந்துவிடும். வெள்ளை பிவிசியை வெந்நீர் வழியில் எங்குமே போடாதீர்கள்.

கீசருக்கு 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி, தனி 16 ஆம்பியர் எம்சிபி (மின்னோட்டம் அதிகமானால் அணையும் சுவிட்ச்), 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் அணையும் சுவிட்ச்), நல்ல எர்த். வீட்டு இன்வெர்ட்டர் லைனில் சேர்க்கக் கூடாது. சேஃப்டி வால்விலிருந்து சொட்டினால் "கசியுது" என்று முளை அடித்து மூடிவிடுகிறார்கள். சூட்டில் தண்ணீர் விரியும், அந்தச் சொட்டு வழியில்லாவிட்டால் தொட்டி வெடிக்கும். ஒரு மெல்லிய குழாயை மாட்டித் தரைக்கு இறக்கி விடுங்கள், சொட்டட்டும்.