ஆடும் பல்லைக் காப்பாற்றுவதா, எடுத்துவிட்டு இம்ப்ளான்ட் வைப்பதா?

ஈறு நோயில் பல் லேசாக ஆட ஆரம்பித்ததுமே "எடுத்துட்டு இம்ப்ளான்ட் வெச்சுடுங்க, தொல்லை விட்டது" என்று பலர் கிளம்பிவிடுகிறார்கள். தொல்லை விடாது, இடம்தான் மாறும். இம்ப்ளான்ட் என்பது தாடை எலும்பில் பதித்து, மேலே செயற்கைப் பல்லைப் பொருத்தும் டைட்டானியம் திருகு.

இயற்கைப் பல் எலும்போடு நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. நடுவில் சுமார் 0.2 மி.மீ. அளவில் ஒரு நார்ப்படலம் இருக்கிறது, மெல்லும் அழுத்தத்தை வாங்கிக்கொள்வதும் ரத்தம் கொண்டுவருவதும் அதுதான். ஈறின் நார்களும் வேருக்குள் குத்தி நுழைந்து இறுக்கிப் பிடித்திருக்கும். டைட்டானியம் திருகுக்கு இந்தப் படலம் கிடையாது. ஈறு நார்கள் அதை ஒட்டி ஓடுமே தவிர உள்ளே போய்ப் பிடிக்காது. அதனால் கிருமி உள்ளே இறங்கினால் எலும்புவரை தடுக்க ஆள் குறைவு.

1965இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற பல் ஆராய்ச்சியாளர், பல் துலக்குவதை நிறுத்தச் சொல்லி ஆட்களைக் கவனித்தார்: இரண்டு மூன்று வாரத்தில் எல்லோருக்கும் ஈறு வீங்கியது, மறுபடி துலக்கியதும் வடிந்தது. பிற்பாடு இதே சோதனையை இம்ப்ளான்ட் வைத்தவர்களிடம் செய்தபோது, பல்லைவிட இம்ப்ளான்டைச் சுற்றித்தான் அழற்சி அதிகம். 2015இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் போட்ட கணக்கில், இம்ப்ளான்ட் வைத்தவர்களில் சுமார் 43% பேருக்கு ஈறு அழற்சி, 22% பேருக்கு எலும்பே கரையும் நிலை. ஈறு நோய் வந்துபோனவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் ஆபத்து இன்னும் கூடுதல். அப்படி வந்துவிட்டால் சுத்தம் செய்வதும் பெரும்பாடு, திருகின் மரைகளுக்குள்ளும் சொரசொரப்பிலும் கருவி சரியாக நுழையாது.

இம்ப்ளான்ட் மோசம் என்று சொல்லவரவில்லை. ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் பிரோனமார்க் என்ற மருத்துவர் 1965இல் ஒரு நோயாளிக்கு வைத்த முதல் டைட்டானியம் இம்ப்ளான்ட், அந்த நோயாளி 2006இல் இறக்கும்வரை வாயில் இருந்தது. ஆனால் அவர் கீழ்த்தாடையில் பல்லே இல்லாதவர், காப்பாற்ற எதுவும் இல்லை!

வேர் நுனிவரை எலும்பு போய், பல் மேலும் கீழும் ஆடினால் எடுக்கத்தான் வேண்டும், சரி. அப்போதும் மிச்சப் பற்களின் ஈறு நோயை முதலில் அடக்காமல் இம்ப்ளான்ட் வைத்தால் அதே கிருமிகள் புதுசுக்கும் குடிபோகும். மற்றபடி என் ஓட்டு ஆழமான க்ளீனிங்குக்கும், தேவைப்பட்டால் ஈறு அறுவைக்கும், அப்புறம் சில மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கும்தான். பல்லை எடுக்கச் சொன்னால், ஈறுப் பை (பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் உண்டாகும் பள்ளம்) எத்தனை மில்லிமீட்டர் ஆழம், எக்ஸ்ரேயில் எலும்பு எவ்வளவு மிச்சம் என்று கேளுங்கள். அளந்தே பார்க்கவில்லை என்றால் இன்னொரு டாக்டரிடம் போங்கள்.