மெம்ரீமேப்: 5 ஜிபிக்கு மேலே மூன்று வருடம்

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில், குலைகளைத் தரம் பிரிக்கும் கேமராவுக்கு டிரைவர் எழுதப்போகும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, 2 ஜிபி பஃபருக்கு மெம்ரீமேப் போதுமா?"

போதும். மெம்ரீமேப் என்பது, படங்கள் வந்து தங்கும் பஃபர் போன்ற நினைவக இடத்தை டிரைவர் படிக்கவும் எழுதவும் இணைத்துத் தரும் (மேப் செய்யும்) லினக்ஸ் கெர்னல் செயல்பாடு. அதே மாதிரி வேலைக்கு, நான் அமைத்த 8 ஜிபி ரேம் உள்ள லினக்ஸ் கணினியில் மூன்று வருடமாக ஓடுகிறது. ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

இடம் ஒதுக்கும் முறை தெரிந்ததுதான். பூட்டின்போது கெர்னலுக்குக் கொடுக்கும் வரியில் மெம்மேப், சமக்குறி, 2ஜி, டாலர் குறி, 5ஜி. அதாவது, 5 ஜிபி முகவரியில் தொடங்கி 2 ஜிபியை கெர்னல் தொடாமல் விடவேண்டும். கெர்னலை ஏற்றும் நிரலான கிரப்பின் டிஃபால்ட் கோப்பில் எழுதும்போது டாலருக்கு முன்னால் மூன்று பின்சாய்வு போடுங்கள். விட்டுவிட்டால் டாலரும் பக்கத்திலுள்ள 5-உம் காணாமல் போகும். கெர்னல் மிச்சத்தைப் படித்து, மொத்த நினைவகமே 2 ஜிபிதான் என்று எடுத்துக்கொள்ளும். பூட் ஆனதும், எந்த முகவரி எதற்கு என்று காட்டும் ப்ராக் அடைவின் ஐஓமெம் கோப்பை ரூட்டாக இருந்து பாருங்கள். சாதாரணப் பயனருக்கு எல்லா முகவரியும் பூஜ்யமாகவே காட்டும்.

இனி கோபத்துக்கு வருகிறேன். 5 ஜிபி என்பது ஹெக்ஸில் 140000000. டிரைவரில் எங்காவது ஒரே ஒரு இடத்தில் அதை 32 பிட் மட்டும் கொள்ளும் யூ32 மாறியில் வைத்துவிட்டால், முன்னால் இருக்கும் 1 உதிர்ந்து 40000000 ஆகிவிடும். அதாவது 1 ஜிபி. அங்கே இருப்பது கெர்னலின் சொந்த ரேம். மாறியிலிருந்து மாறிக்குப் போகும்போது உதிர்வதால், கம்பைலரும் வழக்கமான அமைப்பில் வாய் திறக்காது.

இதே தவறான முகவரியை, சாதன முகவரிகளை மேப் செய்யும் ஐஓரீமேப்பிடம் கொடுத்தால், இது ரேம் என்று லாகில் எச்சரித்து நல் எனும் வெற்று முகவரியைத் திருப்பித் தரும். அந்த எச்சரிக்கையும் ஒரு பூட்டுக்கு ஒரு தடவைதான். டிரைவரைக் கழற்றி மறுபடி ஏற்றினால் வெறும் நல் மட்டும் வரும். மெம்ரீமேப்போ, கேஷோடு மேப் செய்யச் சொல்லும் டபிள்யூபி கொடி போட்டு, கேட்ட பகுதி முழுக்க ரேமாக இருந்தால், கெர்னலிடம் ஏற்கெனவே இருக்கும் முகவரியையே எடுத்து நீட்டிவிடும். பிழையே இல்லை. நீங்கள் எழுதுவதெல்லாம் வேறு யாருடைய பக்கத்திலோ விழும். பல மணி நேரம் கழித்து ஃபைல்சிஸ்டத்திலோ நெட்வொர்க்கிலோ கணினி சரியும். நம் டிரைவர்மேல் சந்தேகமே வராது.

நியாயமாகப் பார்த்தால் இது பிழையில்லை. ரேமுக்கு ஏற்கெனவே மேப்பிங் இருக்கும்போது இரண்டாவது எதற்கு என்ற கணக்கு சரிதான். ஆனாலும் ரேம் வேண்டாம் என்று சொல்ல ஒரு கொடியாவது வைத்திருக்கலாமே!

மேப் செய்வதற்கு முன் இரண்டு வரி சேருங்கள். முகவரியை, நினைவக முகவரிக்கென்றே உள்ள ஃபிஸ்_அட்ர்_டி வகையிலேயே வைத்து, %பிஏ என்ற அச்சுக் குறி கொண்டு அச்சிடுங்கள். அதற்கு மதிப்பைக் கொடுக்கக்கூடாது, மாறியின் பாயின்டரைக் கொடுக்கவேண்டும். அடுத்து, பகுதி எதன்மேலாவது விழுகிறதா என்று பார்க்கும் ரீஜன்_இன்டர்செக்ட்ஸை சிஸ்டம் ரேமுக்கு எதிராகக் கூப்பிட்டு, டிஸ்ஜாயின்ட் (விழவில்லை) என்று வராவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கேமராவின் படத்தை வாங்கி நேராக நினைவகத்தில் எழுதும் கேப்சர் கார்டையும் மறக்காதீர்கள். முகவரிக்குக் கீழ்ப்பாதி, மேல்பாதி என இரண்டு ரெஜிஸ்டர் இருந்தால், மேல்பாதியில் 1 எழுதாமல் விட்டாலும் அதே கதைதான்: கார்டே நேராக 1 ஜிபியில் போய்க் கொட்டும். கார்டுகள் கண்ட இடத்தில் எழுதாமல் காக்கும் விடி-டி வசதி அணைந்திருந்தால் தடுக்க ஆளே இல்லை.

இத்தனைக்குப் பிறகும் வேகத்தைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. ஐஓரீமேப் எக்ஸ்86-இல் கேஷ் இல்லாமல் மேப் செய்வதால், படத்தின் ஒவ்வொரு வாசிப்பும் தனித்தனியாக நினைவகம்வரை போய்வரும். டபிள்யூபி மேப்பிங்கில் படம் கேஷில் வந்து உட்கார்ந்துவிடும். கார்டு எழுதியதும் பழைய தரவு தங்காதபடி வன்பொருளே பார்த்துக்கொள்ளும். ஆர்ம் போர்டில் இந்த வசதியை நம்பி இறங்காதீர்கள்.

என் மதிப்பெண் 5-க்கு 2. மூன்று வருடமாக ஓடும் கணினியில் இதை மாற்றப்போவதில்லை. தம்பி, நீங்கள் புதிதாகத் தொடங்குவதால், உங்கள் கெர்னலில், பெரிய தொடர் நினைவகத்தை ஒதுக்கித் தரும் சிஎம்ஏ வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் டிஎம்ஏ_அலாக்_கோஹெரன்ட்டிடம் பஃபரைக் கேளுங்கள். முகவரியை நீங்கள் கையால் எழுதவே வேண்டியதில்லை.