டிஸ்க் ஃபுல்னு கூப்பிட்டா ரீஸ்டார்ட் பண்ணிட்டு பில் போடுறாங்க, பாத்து இருங்க

டேட்டாபேஸ் சர்வர வெளியாளுங்ககிட்ட பாத்துக்கச் சொல்லி விட்டிருக்கீங்கன்னா தயவுசெஞ்சு இத முழுசா படிங்க. ரெண்டு மாசத்துக்குள்ள ஒரே பிரச்சனைக்கு மூணு தடவ காசு குடுத்திருக்கோம், நாலாவது தடவ டேட்டாவே கைய விட்டுப் போயிருக்கும்.

எங்களுது மைஎஸ்கியூஎல் 5.7ங்கற டேட்டாபேஸ் சாஃப்ட்வேர். பழசுதான், 2023 அக்டோபரோட அதுக்கு சப்போர்ட்டே முடிஞ்சிருச்சு, மாத்தணும்னு சொல்லிட்டே தள்ளிப்போட்டோம், அது எங்க தப்பு ஒத்துக்கறேன். 500 ஜிபி டிஸ்க்ல எங்க டேட்டா மொத்தமே 90 ஜிபி தான். ஒரு திங்கக்கிழம காலைல வந்து பாத்தா எதுவுமே சேவ் ஆகல, பழச எடுத்துப் பாக்க முடியுது ஆனா புதுசா எழுதுற எல்லாம் அப்படியே தொங்கி நிக்குது, எரர் லாக்ல 28ன்னு வந்திருக்கு, அதாவது டிஸ்க்ல இடம் இல்ல.

சப்போர்ட் கம்பெனிக்கு போன் போட்டோம். உள்ள போனாங்க, கொஞ்ச நேரத்துல "டெம்ப் ஃபைல் எல்லாம் க்ளீன் பண்ணி டேட்டாபேஸ ஆப்டிமைஸ் பண்ணிட்டோம் சார், இனி வராது"ன்னாங்க, 340 ஜிபி காலியாயிருந்துச்சு, எங்களுக்கும் அப்பாடான்னு இருந்துச்சு. பில்லுல எமர்ஜென்சி க்ளீனப் 4 மணி நேரம்னு போட்டிருந்தாங்க. பின்னாடி லாக்க எடுத்துப் பாத்தப்ப தான் தெரிஞ்சது, அன்னிக்கு அவங்க செஞ்சது மைஎஸ்கியூஎல ஒரு தடவ நிறுத்தி ஏத்துனது மட்டும்தான், ரெண்டு நிமிஷம் கூட ஆகல.

இதுல என்ன நடக்குதுன்னு தெரிஞ்சிக்கோங்க, தெரியாததாலதான் நாங்க ஏமாந்தோம். 5.7ல ஒரு க்வெரிக்கு, அதாவது டேட்டாபேஸ்கிட்ட கேக்குற ஒரு கேள்விக்கு, மெமரில அடங்காத டெம்ப் டேபிள் (நடுவுல தற்காலிகமா போடற டேபிள்) தேவப்பட்டா அது டேட்டா ஃபோல்டர்ல இருக்குற ஐபிடிஎம்பி1ங்கற ஃபைலுக்குள்ள தான் போகும். அது 12 எம்பில ஆரம்பிக்கும், தேவைக்கு வளரும், டீஃபால்ட்டா மேல லிமிட்டே கிடையாது. க்வெரி முடிஞ்சா உள்ள இருக்கற இடம் மறுபடி யூஸ் ஆகுமே தவிர ஃபைல் சுருங்கவே சுருங்காது. சர்வர ஒழுங்கா நிறுத்துனா அதுவே அழிச்சிட்டு, ஏத்துறப்ப மறுபடி 12 எம்பில புதுசா உண்டாக்கிக்கும். ஆக க்ளீனப்னு தனியா ஒரு வேலையே இல்ல, ரீஸ்டார்ட்ல தானா நடக்கறதுக்கு நாங்க காசு குடுத்திருக்கோம். அதவிட மோசம், ரீஸ்டார்ட் பண்ணதும் எந்த க்வெரி அத வளத்துச்சுங்கற தடயமும் சேந்து போயிடும்.

ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி அதே கத. இந்தத் தடவ "பெர்ஃபாமன்ஸ் ட்யூனிங்"னு தனி பில். என்னன்னு பாத்தா, டெம்ப் டேபிள் மெமரில எவ்வளவு வரைக்கும் இருக்கலாம்ங்கற டிஎம்பி டேபிள் சைஸ 4 ஜிபி ஆக்கியிருக்காங்க, ஆனா அதுக்கே இருக்கற இன்னொரு லிமிட், மேக்ஸ் ஹீப் டேபிள் சைஸ், அதே 16 எம்பில கிடக்கு. இந்த ரெண்டுல எது சின்னதோ அதுதான் செல்லும், அதனால அவங்க மாத்துனதுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. நல்லவேள ரெண்டையும் மாத்தல, ஒரே நேரத்துல பத்து கனெக்ஷன் அந்த அளவுக்கு மெமரி கேட்டிருந்தா சர்வரே படுத்திருக்கும்.

மூணாவது தடவதான் எனக்கு சந்தேகம் வந்துச்சு. அப்ப சர்வர நிறுத்தாமலே அந்த ஃபைல ஆர்எம் போட்டு அழிச்சிட்டாங்க. ஃபோல்டர்ல ஃபைல் இல்ல, ஆனா இடமும் வரல. டியு (ஃபைல் சைஸ கூட்டிச் சொல்ற கமாண்ட்) போட்டா 95 ஜிபின்னு காட்டுது, டிஎஃப் (டிஸ்க்ல மிச்ச இடத்த சொல்ற கமாண்ட்) போட்டா டிஸ்க் ஃபுல்னு காட்டுது, உடனே சப்போர்ட் ஆள் "டிஸ்க்லயே கோளாறு சார், பெரிய டிஸ்க்கா மாத்தணும்"னு கொட்டேஷன் அனுப்பிட்டாரு. டிஸ்க்ல ஒரு கோளாறும் இல்ல. லினக்ஸ்ல ஓடிட்டிருக்கற ப்ராசஸ் ஒரு ஃபைல திறந்து வச்சிருந்தா, பேர அழிச்சாலும் அந்த ப்ராசஸ் விடுற வரைக்கும் இடம் திரும்பாது. எந்த ஃபைல யாரு திறந்து வச்சிருக்காங்கன்னு காட்டற எல்எஸ்ஓஎஃப் கமாண்ட ப்ளஸ் எல் 1 ஆப்ஷனோட போட்டுப் பாத்தேன், அழிச்ச ஐபிடிஎம்பி1 மைஎஸ்கியூஎல் கையிலயே இருக்கு, பக்கத்துல சைஸோட. இத தெரியாம ஒருத்தர் டேட்டாபேஸ் வேலைக்கு வர்றாருன்னா கூட பரவால்ல, தெரிஞ்சே டிஸ்க் விக்கப் பாத்தா என்ன சொல்றது. எதுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல.

அப்பவே அவங்கள நிறுத்தியிருக்கணும், நான் லீவுல இருந்தேன், நாலாவது தடவ ஆபீஸ்ல இருந்த புதுப் பையன் பயந்துபோய் அவங்களையே கூப்பிட்டுட்டான். சர்வர் நிக்க லேட்டாகுதுன்னு கில் மைனஸ் 9 போட்டு சாகடிச்சிட்டு, இடம் பத்தலன்னு ஐபி லாக்ஃபைல் 0, 1 ரெண்டையும் அழிச்சிருக்காங்க. பேர்ல லாக்னு இருக்கறதால வெறும் லாக்னு நெனச்சிட்டாங்க போல. அது இன்னோடிபியோட (மைஎஸ்கியூஎல்ல டேட்டாவ வச்சுப் பாத்துக்கற பகுதி) ரீடூ லாக். டேட்டா ஃபைலுக்கு இன்னும் போய்ச் சேராத மாற்றமெல்லாம் அதுல தான் இருக்கும், திடீர்னு செத்த சர்வர் அத வச்சுதான் எந்திரிக்கும். ஏத்துனதும் லாக் சீக்வன்ஸ் நம்பர் (மாற்றங்களோட வரிசை எண்) பொருந்தலன்னு எரர் மழ மாதிரி கொட்டுச்சு, நாலஞ்சு டேபிள தொட்டாலே க்ராஷ்.

அந்தப் பையன் எனக்கு போன் பண்றப்ப அவங்க அடுத்து பின்லாக்க, அதாவது நடந்த மாற்றத்தையெல்லாம் வரிசையா பதிஞ்சு வைக்கற ஃபைலுங்கள, அழிக்கப் போயிட்டிருந்தாங்க. "எதையும் தொடாதீங்க, வெளிய வாங்க"ன்னு கத்துனேன். முந்தின நாள் ராத்திரி எடுத்த பேக்கப் வேற சர்வர்ல இருந்துச்சு, அத புது எடத்துல ஏத்தி, பின்லாக்க அது மேல ஓட்டி, விடிய விடிய உக்காந்து மீட்டோம். பின்லாக்கும் போயிருந்தா ஒரு நாள் முழுக்க எல்லாரும் போட்ட என்ட்ரி போயிருக்கும்.

அப்புறம் உக்காந்து நாலு பில்லையும் வரிசையா வச்சுப் பாத்தேன். நாலும் திங்கக்கிழம, சரியா 14 நாள் இடைவெளி. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா ஞாயித்துக்கிழம ராத்திரி ஓடற ஸ்டாக் ரிப்போர்ட் ஒண்ணு இருக்கு. அந்த க்வெரில ரெண்டு பெரிய டேபிள தேதிய மட்டும் வச்சு ஜாயின் பண்ணியிருக்கு, ஐட்டம் நம்பர சேக்க விட்டுப்போச்சு, அதனால ஒவ்வொரு வரியும் அந்த நாளோட எல்லா வரியோடயும் பெருகி, அதுக்கு மேல குரூப் பை (வரிங்கள தொகுத்து சேக்கறது) வேற. கூடவே ஒரு டெக்ஸ்ட் காலம் (நீள எழுத்து வைக்கற நெடுவரிச), 5.7ல அது இருந்தா டெம்ப் டேபிள் நேரா டிஸ்க்குக்கு தான் போகும். விட்டுப்போன ஒரு கண்டிஷன சேத்தோம், தேவையில்லாத அந்த டெக்ஸ்ட் காலத்த எடுத்தோம், ரிப்போர்ட் ஒன்றர நிமிஷத்துல முடியுது.

இதே உங்களுக்கு வந்தா, யாரு என்ன சொன்னாலும் ரீஸ்டார்ட்டுக்கு முன்னாடி ப்ராசஸ்லிஸ்ட்ட (அந்த நேரத்துல ஓடற க்வெரிங்க லிஸ்ட்) ஒரு ஃபைல்ல சேவ் பண்ணிக்கோங்க, டிஎஃப்பும் டேட்டா ஃபோல்டர்ல ஃபைல் சைஸும் சேத்து. மைஎஸ்கியூஎல் கூடவே வர்ற சிஸ் ஸ்கீமால டெம்ப் டேபிள் அதிகமா போடற க்வெரிங்களுக்குன்னே ஒரு வியூ இருக்கு, ஆனா அந்த கணக்கும் ரீஸ்டார்ட் ஆனா போயிடும், அதனால முன்னாடியே பாருங்க. ஐபிடிஎம்பி1க்கு மேக்ஸ் லிமிட் வச்சிடுங்க, நாங்க 20 ஜிபி வச்சிருக்கோம், இனிமே அத தாண்டுனா டேபிள் ஃபுல்னு 1114 எரர் வந்து அந்த ஒரு க்வெரிதான் சாகும், மத்தவங்க வேல ஓடும். இந்த செட்டிங் மாத்த ஒரு ரீஸ்டார்ட் வேணும், அத ஆளில்லாத நேரமா பாத்து பண்ணிக்கோங்க. 8.0க்கு மாறுனவங்களுக்கு இந்த தொல்ல கம்மி, அங்க கனெக்ஷன் முடிஞ்சதும் அதோட டெம்ப் இடம் திரும்ப வந்திடும், ஆனா அப்ளிகேஷன் கனெக்ஷன மூடாம நாள்கணக்குல பிடிச்சு வச்சிருந்தா அங்கயும் இடம் மாட்டிக்கும்.

சப்போர்ட் ஆள்கிட்ட "எந்த க்வெரி"ன்னு கேளுங்க. நாலு தடவையும் நாங்க அத கேக்கல.

இன்னொண்ணு, அவங்கள நிறுத்துனதுக்கப்புறம் யூசர் லிஸ்ட்ட பாத்தா எங்கருந்து வேணா உள்ள வர்ற மாதிரி எல்லா உரிமையோட ஒரு யூசர அவங்க பாட்டுக்கு உண்டாக்கி வச்சிருக்காங்க, எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லல. அத அழிச்சோம், பாஸ்வேர்ட் எல்லாத்தயும் மாத்துனோம். போன வாரம் நாலாவது பில் வந்திருக்கு, எமர்ஜென்சி க்ளீனப் 4 மணி நேரம்னு அதே வரி. எல்எஸ்ஓஎஃப் அவுட்புட்டையும் அந்த ராத்திரி எரர் லாக்கையும் வச்சு, குடுக்க முடியாதுன்னு எழுதி அனுப்பிட்டோம், இன்னும் பதில் இல்ல.