பத்திரமா, உயிலா, கையில் பணமா?

பழைய வண்ணாரப்பேட்டையில் அரை கிரவுண்டில் ஒரு வீடு, மேலே பிறகு எழுப்பிய மாடி, துறைமுக வேலையிலிருந்து ஓய்வுபெற்றபோது வந்த தொகையில் மிச்சம். வடசென்னையில் பல குடும்பங்களின் சொத்து இவ்வளவுதான். பிள்ளைகளுக்கு இதை எப்படிக் கொடுப்பது?

பலர் முதலில் தேடுவது தானசெட்டில்மென்ட், அதாவது உயிரோடு இருக்கும்போதே வீட்டைப் பிள்ளை பெயருக்கு எழுதிக்கொடுக்கும் பத்திரம். மலிவு. 2023 ஜூலையில் கட்டணத்தை உயர்த்திய பிறகும் குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், 10,000 ரூபாயைத் தாண்டாது. ஆனால் கையெழுத்திட்ட மறுநாள் அந்த வீட்டில் நீங்கள் விருந்தாளி. மனம் மாறினால் நீங்களாக ரத்து செய்ய முடியாது. 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது: பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து, பிள்ளை தவறினால் கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவதுதான் பாதுகாப்பு. "பெற்ற பிள்ளைக்கு நிபந்தனையா?" என்று கூச்சப்பட்டவர்கள்தான் பிறகு அலைகிறார்கள். எழுதியே தீர வேண்டுமானால், ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையையாவது உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

உயிலுக்கு முத்திரைத் தீர்வை இல்லை, பதிவு கட்டாயமில்லை, இரண்டு சாட்சிகள் போதும், எத்தனை முறையும் மாற்றலாம். (முஸ்லிம் குடும்பங்களுக்கு விதி வேறு.) குறை ஒன்றுதான். திருவொற்றியூரில் வீடு வாங்க இன்று முன்பணம் தேடும் மகளுக்கு, அவளுடைய அறுபதாவது வயதில் வரும் பங்கு எதற்கு?

அங்கேதான் பணம் உதவும். பெற்றோர் கொடுப்பது எவ்வளவானாலும் பிள்ளைக்கு வருமான வரி இல்லை. இரண்டு லட்சத்தை எட்டினால் ரொக்கமாகக் கூடாது. வங்கி வழியாகவே கொடுங்கள். மருமகள் பெயரில் போட்டால் மட்டும் அதில் வரும் வட்டி உங்கள் வருமானத்தில்தான் சேரும்.

"கடனாக வைத்துக்கொள், முடிந்தபோது கொடு" என்பதுதான் இவற்றில் மோசம். கொடுத்தவர் கடன் என்பார், வாங்கியவர் அன்பளிப்பு என்பார்.

என்னைக் கேட்டால் வீட்டுக்கு உயில், தேவைக்குப் பணம். ஆனால் ஒருவருக்குக் கொடுத்தது மற்றவருக்குத் தெரிய வேண்டும். "அவளுக்குத்தான் நகை போட்டாயிற்றே" என்று மகனும், "மாடி கட்டிக்கொடுத்தது யாருக்கு, நைனா?" என்று மகளும் வருடக்கணக்கில் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். ராயபுரத்தில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறார். மகனுக்கு ஒரு பக்கம், மகளுக்கு எதிர்ப்பக்கம், பொங்கலன்று இருவர் முன்னாலும் பிரிப்பார். மகள் பக்கத்தின் முதல் வரி கல்யாண நகை. அதை மட்டும் அவர் ரூபாயில் எழுதவில்லை, சவரனில் எழுதியிருக்கிறார்.